விட்டு வைத்ததற்கு நன்றி

டெல்லி எய்ம்ஸ் நரம்பியல் அறுவைத் துறை டாக்டர்களுக்கும், சிஸ்டர்களுக்கும், காமா நைஃப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கும்,

அக்காவின் தலையிலிருந்து நீங்கள் எடுத்த கட்டிக்கு அன்றைக்கே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். எடுக்காமல் ஒரு துண்டை விட்டு வைத்தீர்களே, அதற்கு இன்னும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். நேரில் கொடுக்காமல் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘மெனிஞ்சியோமா’ என்ற சொல்லைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் கையிலும் இது கிடைக்க வேண்டும்.

அக்கா மன்னார்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தார். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவேடு, வீடு வீடாக நடை என்று வாழ்ந்தவர். 2019இல் பதிவேடு எழுதும்போது இடது கண்ணில் எழுத்து மங்கியது. புரையாக இருக்கும் என்று கண்ணாடியை மாற்றினார்கள். மங்கல் போகவில்லை. ஊரில் ஒரு கண் மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “பார்வை நரம்பு வெளுத்திருக்கும்மா, தலைக்கு எம்ஆர்ஐ எடுத்துடுங்க” என்றார். அவர் அன்று அந்த ஒரு நிமிடத்தைக் கூடுதலாகச் செலவிட்டதற்கு நாங்கள் ஆயுளுக்கும் கடமைப்பட்டவர்கள். இடது கண்ணுக்குப் பின்னால், மண்டையின் அடித்தளத்தில், பார்வை நரம்பை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி இருந்தது.

அதற்குப் பிறகு போன ஒரு தனியார் மருத்துவமனையில், “நாளைக்கே சேர்த்துடுங்க, முழுசா எடுத்துடலாம்” என்றார்கள். என்ன கட்டி, ஏன் நாளைக்கே, எடுத்தால் என்ன போகும் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. நான் டெல்லி முனிர்காவில் இருப்பதால் மாமா அக்காவை அழைத்துக்கொண்டு ஜிடி எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார். இதே வைத்தியத்தை நன்றாகச் செய்கிறவர்கள் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் உண்டு. படிக்கிற யாரும் டெல்லிக்கு வந்தால்தான் ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு டெல்லி அமைந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் செய்த காரியம், அக்காவை உட்கார வைத்து அவரிடமே பேசியது. வழக்கமாக டாக்டர்கள் கூட வந்த ஆணைப் பார்த்துப் பேசுவார்கள். உங்கள் இளம் டாக்டர் ஒருவர் ஓபிடி சீட்டின் பின்பக்கத்தில் மண்டையோட்டை வரைந்து, மூளையை மூடியிருக்கும் உறைகளைக் கோடு கோடாகப் போட்டார். இந்தக் கட்டி மூளையில் முளைத்தது இல்லை, உறையில் முளைத்து மூளையை வெளியிலிருந்து அழுத்துகிறது என்றார். அவர் இந்தியில் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாதிக்கு மேல் அக்காவுக்கு என் தமிழ் தேவைப்படவில்லை, படமே போதுமாக இருந்தது.

மெனிஞ்சியோமாக்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் முதல் தரத்தைச் சேர்ந்தவை, மெதுவாக வளர்கிறவை, பொதுவாக நாம் புற்றுநோய் என்று அஞ்சுகிற வகையில் வராதவை என்பதை அன்றுதான் கேட்டோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பலர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எந்தப் புகாரும் இல்லாத 2000 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 0.9 சதவீதம் பேரின் தலையில் மெனிஞ்சியோமா இருந்தது. தலைவலிக்கோ விபத்துக்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகக் கண்ணில் படுகிற சிறிய கட்டிக்கு, வலிப்பும் அழுத்தமும் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒரு ஸ்கேன் என்று கவனித்து வருவதே முறையான வைத்தியம். வயதானவர்களுக்கு, கட்டி சுண்ணாம்பேறிக் கிடந்தால், இன்னும் நிம்மதியாகக் காத்திருக்கலாம். அன்று எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பாட்டியிடம் நீங்கள் அதைத்தான் சொன்னீர்கள். “ஒன்றும் செய்ய வேண்டாமா?” என்று அவருடைய மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். “செய்கிறோம், கவனிக்கிறோம்” என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் ஓபிடியில் அப்படிப் பொறுமையாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, முகாம்களில் வரிசையை நிர்வகித்த அக்காவுக்குத் தெரியும்.

அக்கா விஷயத்தில் காத்திருக்க முடியாது, பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றீர்கள். கதிர் கொடுக்க முடியுமா என்று நான் கேட்டேன். கட்டி பெரிது, அதைவிட முக்கியமாகப் பார்வை நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கட்டிக்குப் போதுமான கதிர் நரம்புக்கு அதிகம் என்றீர்கள். மாத்திரை உண்டா என்று மாமா கேட்டார். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு உண்டு, வலிப்புக்கு மாத்திரை உண்டு, கட்டியைக் கரைக்கும் மாத்திரை இல்லை என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். ஆக அறுவைதான். அப்போதுதான் எங்களைக் கலங்க வைத்த அந்த வாக்கியம் வந்தது: முழுவதும் எடுக்க மாட்டோம்.

கட்டியின் ஒரு பகுதி கேவர்னஸ் சைனஸ் என்ற இடத்துக்குள் புகுந்திருந்தது. விரல் நுனி அளவுக்கு உள்ள அந்த இடத்தின் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி போகிறது. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்புக் கிளைகளும் அங்கேதான். உள்ளே கைவைத்தால் கட்டி போகலாம், கூடவே இமை தொங்கிப்போகலாம், பார்வை இரட்டையாகலாம், தமனி கிழிந்தால் பக்கவாதம் வரலாம். மாமா முகம் வாடிவிட்டது. கட்டியைப் பாதி விட்டுவிடுகிற ஆபரேஷனுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வெளியே வந்து கேட்டார். அக்காதான் அவருக்குச் சொன்னார்: “முருங்கைப் பட்டையில ஒட்டின பிசின் மாதிரிங்க அது. சுரண்டினா பட்டையும் சேர்ந்து வந்துடும்.”

அந்த முடிவுக்குப் பின்னால் நூறு வருடத்துப் பாடம் இருக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அவர் 1910இல் லெனார்ட் வுட் என்ற ராணுவத் தளபதியின் தலையிலிருந்து இப்படி ஒரு கட்டியை எடுத்தார். வுட் நல்லபடியாகத் தேறி, பிலிப்பைன்ஸுக்குக் கவர்னர் ஜெனரலாகவே போனார். ஆனால் கட்டி திரும்பி வந்தது. 1927இல் குஷிங்கே மறுபடி அறுவை செய்தார், அதில் வுட் இறந்துபோனார். 1957இல் டொனால்ட் சிம்ப்ஸன் என்பவர் கட்டியை எவ்வளவு எடுத்தால் எவ்வளவு திரும்புகிறது என்று கணக்குப் பார்த்து எழுதினார். கட்டி, அது முளைத்த உறை, தொட்ட எலும்பு மூன்றையும் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத் திரும்பியது. உறையை வெட்டாமல் பொசுக்கி மட்டும் விட்டவர்களில் 19 சதவீதம். உறையைத் தொடாமலே விட்டவர்களில் 29. இந்தக் கணக்கைப் பார்த்தால் எந்த அறுவை மருத்துவருக்கும் முழுவதும் எடுத்துவிடத்தான் கை பரபரக்கும். மண்டையின் மேல்வளைவில் இருக்கிற கட்டிக்கு அதுதான் சரியும்கூட, அங்கே உறையோடு சேர்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அடித்தளத்தில் இருக்கிற கட்டிக்கு அந்தப் பரபரப்பை அடக்கத் தெரிய வேண்டும். அக்காவின் கண்ணுக்குப் பக்கத்தில் மைக்ராஸ்கோப்பின் கீழ் மணிக்கணக்காக வேலை செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தினீர்களே, அந்த நிறுத்தத்தைத்தான் நான் இத்தனை வரியில் புகழ்ந்துகொண்டிருக்கிறேன்.

அறுவை நாளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ரத்தம் கொடுக்க ஆர்.கே. புரத்திலிருந்து தமிழ்ப் பையன்கள் விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள், மலை மந்திர் திருநீற்றை ஒருவன் பொட்டலத்தில் கொண்டுவந்தான். ஐசியூவில் கண் விழித்த அக்காவை ஒரு மலையாள சிஸ்டர் “சேச்சி” என்று கூப்பிட்டு, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். ராஜஸ்தான்காரத் தம்பி ஒருவர் இரவு முழுவதும் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேருக்கு ராத்திரி காவல் இருந்த அக்காவுக்கு அன்று காவல் இருந்தவர்கள் இவர்கள். பெயர் குறித்து வைக்கத் தோன்றவில்லை. இருவருக்கும் நன்றி.

பயாப்ஸி முதல் தரம் என்று வந்தது. இடது கண்ணில் போன பார்வை முழுவதும் திரும்பவில்லை. சிவப்பு கொஞ்சம் மங்கித்தான் தெரிகிறது. இருந்த பார்வை நின்றது. இமை தொங்கவில்லை, பார்வை இரட்டையாகவில்லை. பதிவேட்டுக்குத் திரும்பிப் பணி ஓய்வு வரைக்கும் வேலை பார்த்தார்.

இங்கே உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் ஒரு வணக்கம். உங்கள் துறையை 1965இல் தொடங்கியவர் பேராசிரியர் பிரகாஷ் நாராயண் டாண்டன், உடன் நின்றவர் ஏ.கே. பானர்ஜி. அப்போது உலகத்தில் சிடி ஸ்கேனே கிடையாது. முதல் நோயாளியின் தலை சிடி ஸ்கேனில் படமானது 1971இல், லண்டனில். அதுவரை மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தியும், ரத்தக் குழாய்களில் மருந்தேற்றியும் எக்ஸ்ரே எடுத்து, நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கட்டி இருக்கும் இடத்தை ஊகித்தார்கள். நம் பக்கத்திலோ 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவையைத் தொடங்கியிருந்தார்கள். இவர்கள் இருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் இருவரோடு சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை ஆரம்பித்தார்கள். ராமமூர்த்தியிடம் பயின்ற டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களில் ஒருவர். இதைச் சொன்னபோது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். சென்னை ராமமூர்த்தியும் டெல்லி டாண்டனும் சேர்ந்து பதிப்பித்த நரம்பியல் அறுவைப் பாடநூல் 1980இல் வெளிவந்தது. இன்றும் இரண்டு பெயர்களையும் சேர்த்தே அதைக் குறிப்பிடுகிறார்கள். மன்னார்குடிக்காரி ஒருத்தி டெல்லியில் தலையைக் கொடுத்துவிட்டு பயமில்லாமல் படுத்ததற்கு, அவருக்குத் தெரியாமலே அந்தப் பெரியவர்கள் போட்ட பாதை ஒரு காரணம்.

விட்டு வைத்த துண்டுக்கு வருகிறேன். வருடா வருடம் எம்ஆர்ஐ. கொரோனா காலத்தில் திருச்சியில் எடுத்து, போனில் உங்களிடம் கேட்டுக்கொண்டோம். அது அசையாமல் இருந்தது. 2023இல் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சில மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்று காட்டினீர்கள். மறுபடி திறக்க வேண்டுமோ என்று எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வேண்டாம், இப்போது காமா நைஃப் செய்யலாம் என்றீர்கள்.

ஸ்வீடனில் லார்ஸ் லெக்ஸல் என்ற மருத்துவர் 1951இல் முன்வைத்த யோசனை அது. மண்டையைத் திறக்காமல், பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளிக்கு அனுப்ப வேண்டும். வழியில் உள்ள மூளைக்கு ஒவ்வொரு கதிரும் மிகக் குறைவு. எல்லாம் கூடும் புள்ளியில் மட்டும் அளவு பலமடங்கு. இன்றைய கருவியில் 192 கோபால்ட் மூலங்கள் இருக்கின்றன. எய்ம்ஸில் 1997 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. பெயரில்தான் கத்தி. காலையில் நெற்றியிலும் பின்மண்டையிலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைத் தலையில் பொருத்தினீர்கள். ஊசி போட்டுப் பழகிய அக்கா, ஊசிதான் வலித்தது, சட்டம் இறுக்கமாக இருந்ததே தவிர வலி இல்லை என்றார். அந்தச் சட்டத்தோடு எம்ஆர்ஐ. பிறகு அக்கா சாய்ந்து உட்கார்ந்து காத்திருக்க, நீங்களும் கதிர் இயற்பியலாளரும் கம்ப்யூட்டர் முன்னால் ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கணக்குப் போட்டீர்கள்.

அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கட்டியின் விளிம்புக்கு 12 கிரே அளவில் கதிர் வேண்டும். பார்வை நரம்பு பொதுவாக 8 முதல் 10 கிரே வரைதான் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால்தான் கட்டிக்குப் போகிற கதிர் நரம்புக்குப் போகாமல் நிறுத்த முடியும். 2019இல் அந்த இடைவெளி இல்லை. நரம்பை ஒட்டியிருந்ததை எடுத்துச் சில மில்லிமீட்டர் இடம் உண்டாக்கியதே அந்த முதல் அறுவைதான். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று நீங்கள் அன்றே இரண்டாவது வைத்தியத்தையும் மனதில் வைத்து முடிவு செய்திருக்கிறீர்கள். நான்கு வருடம் கழித்துத்தான் எங்களுக்கு அது விளங்கியது.

ஒரே நாளில் முடிந்தது. சட்டத்தைக் கழற்றியதும் அக்கா கேட்டது காபி. கதிர் கட்டியை எடுத்துப்போடாது, வளர்ச்சியை நிறுத்தும், சில சமயம் வருடக்கணக்கில் சுருங்கும் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். முதல் தரக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஐந்து வருடம் கழித்தும் அடங்கியே இருக்கின்றன. பார்வை நரம்பின் உறையிலேயே முளைக்கிற வகைக்கு இந்த ஒருநாள் கதிர் ஒத்துவராது என்பதையும் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு ஐந்தாறு வாரம், தினமும் சிறு சிறு அளவாக, மொத்தம் 50 கிரேக்கு மேல் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே பெயருள்ள நோய்க்கு இடத்தைப் பொறுத்து வைத்தியம் இத்தனை மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்தார்கள் என்பதை வைத்து யாரும் தன் வைத்தியத்தை முடிவு செய்யக் கூடாது என்பது அக்கா இப்போது எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2024இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் என்ற கருத்தடை ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களுக்கு, அறுவை தேவைப்படும் மெனிஞ்சியோமா 5.6 மடங்கு அதிகம் என்றது அது. அதே ஊசிதான் 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் நம் அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. அக்கா தனக்குப் போட்டுக்கொண்டதில்லை. தன் கையால் பிறருக்குப் போட்டிருக்கிறார். செய்தியைப் படித்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது தன் கட்டியைப் பற்றிக் கேட்காமல் இதைத்தான் கேட்டார். நீங்கள் சிரித்து ஒதுக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. இந்தக் கட்டி வருவதே அரிது, அரிதான ஒன்று ஐந்தாறு மடங்கானாலும் பெரும்பாலான பெண்களுக்கு வராது என்றீர்கள். வேண்டாத கர்ப்பத்தின் ஆபத்தையும் தராசில் வைக்க வேண்டும் என்றீர்கள். மெனிஞ்சியோமா இருப்பவர்களும் இருந்தவர்களும் அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும், நீண்ட காலம் போடுகிறவர்கள் டாக்டரிடம் வேறு வழி கேட்கலாம், ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனத்துக்கு அந்த ஆய்வில் இப்படி அபாயம் காணப்படவில்லை என்று நிதானமாகச் சொன்னீர்கள். ஊருக்குப் போனதும் அக்கா தன் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் இதை அப்படியே ஒப்பித்தார். தலைவலியோடு பார்வை மங்கினால் மாத்திரை கொடுத்து அனுப்பாமல் கண் நரம்பைப் பார்க்கச் சொல்லி அனுப்பு என்றும் சேர்த்துச் சொன்னார்.

இரண்டாம், மூன்றாம் தரக் கட்டி வந்தவர்களின் குடும்பங்களை உங்கள் வராந்தாவில் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் கதிர், திரும்பினால் மறுபடி அறுவை, மறுபடி கதிர். மருந்துகள் பலவற்றை முயன்று பார்க்கிறார்கள், நம்பி நிற்கிற அளவுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அவர்களிடம் நீங்கள் பொய்யான நம்பிக்கையை விற்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னதைப் பார்த்தோம். அவர்கள் சார்பாகவும் வணங்குகிறேன்.

அக்காவின் கடைசி எம்ஆர்ஐயில் துண்டு அப்படியே இருக்கிறது, ஓரத்தில் லேசாகச் சுருங்கியதுபோல் தெரிகிறது என்றீர்கள். அடுத்தது மார்கழியில். திருச்சியில் எடுத்து சிடியோடு வருகிறோம்.

ஒரு கோரிக்கையும் உண்டு, இது அக்காவுடையது. முதல் நாள் ஓபிடி சீட்டின் பின்னால் வரைந்தீர்களே, அந்தப் படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு தமிழிலும் இருந்தால் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும் என்கிறார். எப்போது காத்திருக்கலாம், எப்போது அறுவை, எப்போது கதிர், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான்கு தலைப்பில் அவரே எழுதிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதிப் பழகிய கை, எழுத்து பெரிதாக இருக்கிறது. நகலை இத்துடன் அனுப்புகிறோம், கீழே இந்தி மொழிபெயர்ப்பு என்னுடையது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள். அச்சுக் கூலியை முனிர்கா, ஆர்.கே. புரம் தமிழர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.


அக்காவின் தம்பி,
முனிர்கா, புது டெல்லி